கேமிங் மடிக்கணினியின் மின்பழுது: சுவர் சாக்கெட்டிலிருந்து மதர்போர்டு வரை

திருவண்ணாமலை நகரை ஒட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைத் தன் எல்லைக்குள் கொண்டு, ஆண்டுக்காண்டு குடியிருப்புகள் பெருகிவரும் வேங்கிக்கால் போன்ற ஊர்களில், கேமிங் மடிக்கணினி என்ற பெயரில் விற்கப்படும் கருவி விளையாட்டுப் பிரியர்களிடம் மட்டும் இருப்பதில்லை. பொறியியல் மாணவர், திருமண வீடியோவைத் தொகுப்பவர், கட்டட வரைபடம் தயாரிப்பவர் எனக் கனமான மென்பொருளைக் கையாளும் பலரும் அதையே வாங்குகின்றனர். பல மாதச் சேமிப்பை அதில் போடுகின்றனர். அக்கருவியில் எழும் பழுதுகளில் மின்வழங்கல் சார்ந்தவை தனி இயல்பு கொண்டவை. ‘ஆன் ஆகவில்லை’, ‘சார்ஜ் ஏறவில்லை’, ‘கேம் ஓடும்போது படக்கென்று அணைந்துவிடுகிறது’ என்று அறிகுறிகள் மூன்று நான்கு மட்டுமே. அவற்றுக்கான காரணமோ தெரு மின்கம்பத்தில் தொடங்கி, வீட்டு ஒயரிங், அடாப்டர், அதன் முனை, பேட்டரி, மதர்போர்டு என எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த வழி முழுவதையும் நடந்து பார்க்காமலேயே ‘போர்டு போய்விட்டது’ என்று சொல்லிவிடுவது பரவலான வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பை ஏற்றுப் பணம் கட்டுகிறவரின் இழப்பு சிறியதன்று. சோதனை சுவரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், சும்மா இருக்கும் கருவியில் கிடைக்கும் அளவீட்டைவிடச் சுமை ஏறிய நிலையில் கிடைக்கும் அளவீட்டையே நம்ப வேண்டும் என்பதும் இப்பழுதுகளை அணுகுவதற்கான இரு அடிப்படைகள்.

கேமிங் மடிக்கணினி சாதாரண மடிக்கணினியிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். மின்சாரத்தைத் தள்ளும் விசையை வோல்ட் என்றும், ஓடும் அளவை ஆம்பியர் என்றும் அளக்கின்றனர். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாட், அதாவது ஒரு நொடியில் செலவாகும் ஆற்றல். கடிதம் தட்டச்சு செய்யவும் இணையம் பார்க்கவும் போதுமான மடிக்கணினிக்கு 45 அல்லது 65 வாட் அடாப்டர் வருகிறது. கேமிங் வகையுடன் வருவன 180, 230, 280, சிலவற்றில் 330 வாட் அடாப்டர்கள். 230 வாட் அடாப்டர் ஒன்று 19.5 வோல்ட்டில் ஏறத்தாழ 11.8 ஆம்பியர் தரவல்லது. இந்த அளவும் தாராளமானதன்று. இன்டெல் நிறுவனத்தின் ஐ7-12700எச் என்ற செயலி வழக்கமாக 45 வாட்டில் இயங்கினாலும், உச்சத்தில் 115 வாட் வரை இழுக்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 மடிக்கணினி வரைகலைச் சில்லு 115 வாட் வரையும், கூடுதல் ஊக்கம் அனுமதிக்கப்பட்டிருந்தால் 140 வாட் வரையும் கேட்கும். இவ்விரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொட்டால் திரை, விசிறி, நினைவகம் ஆகியவற்றைச் சேர்ப்பதற்கு முன்பே 255 வாட் ஆகிவிடுகிறது. ஆகவே, இருக்கும் சோற்றை வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் அளந்து பரிமாறும் இல்லத்தரசியைப் போல, மதர்போர்டில் உள்ள கட்டுப்பாட்டு நிரல் செயலிக்கு இவ்வளவு, வரைகலைச் சில்லுக்கு இவ்வளவு என்று கணத்துக்குக் கணம் பங்கிட்டுக்கொண்டே இருக்கிறது. மின்வழியில் எங்கோ ஓரிடத்தில் இருபது முப்பது வாட் குறைந்தாலும், படம் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாமல், கேம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் கருவி தடுமாறுவதற்குக் காரணம் இதுவே.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் மடிக்கணினியைக் கொண்டுவந்தது. அந்த மடிக்கணினிகளின் சிறிய அடாப்டர்களோடு பழகிய கண்ணுக்கு, முனை பொருந்தினால் எந்த அடாப்டரும் எந்த மடிக்கணினிக்கும் ஆகும் என்று தோன்றுவது இயல்பே. கேமிங் மடிக்கணினியைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும்.

சோதனையின் முதல் இடம் சுவர் சாக்கெட். இந்தியாவில் வீடுகளுக்கு வழங்கப்படும் ஒருமுனை மின்சாரத்தின் பெயரளவு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடாப்டரின் அடிப்பக்கத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, தாழ்வழுத்தம் அதை ஒன்றும் செய்யாது என்று பலர் கருதுகின்றனர். பாதி அளவிலேயே அது சரி. அடாப்டர் என்பது ஸ்விட்சிங் வகை மின்மாற்றி. அது மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒட்டி, சிறு மின்மாற்றி ஒன்றின் வழியாக 20 வோல்ட் அளவுக்கு இறக்குகிறது. வெளியே கொடுக்க வேண்டிய வாட் மாறாதவரை, உள்ளே வரும் வோல்ட் குறைந்தால் அதை ஈடுகட்ட அது அதிக ஆம்பியரை இழுத்துக்கொள்ளும். 230 வாட் கொடுக்க, இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 260 வாட் தேவை என்று கொண்டால், 230 வோல்ட்டில் 1.13 ஆம்பியர் போதும். வோல்ட் 160 ஆக இறங்கினால் 1.6 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். அந்த அதிகப்படி ஓட்டம் அடாப்டரின் உள்ளுறுப்புகளில் வெப்பமாகிறது. கோடை மாலையில் தெருவிலுள்ள ஏசிகள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும் நேரத்தில், டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில், லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் அடாப்டர் வழக்கத்தைவிடக் கொதிக்கிறது என்றால், குற்றம் அடாப்டருடையதாக இராமல் லைனுடையதாக இருக்கலாம். சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்துக் காலையிலும் மாலை ஏழு மணிக்கும் அளந்து குறித்துக்கொண்டால் ஐயம் தீரும். தாழ்வழுத்தம் தொடர்ந்தால் 2021 ஜூனில் தொடங்கப்பட்ட மின்வாரியத்தின் மின்னகம் சேவையை 94987 94987 என்ற எண்ணில் அழைத்து, அளந்த வோல்ட்டையும் நேரத்தையும் சொல்லிப் புகார் பதிவு செய்யலாம்.

தாழ்வழுத்தத்தைவிட அஞ்சத்தக்கது நியூட்ரல் அறுந்துபோவது. தெருவில் ஓடும் மும்முனை லைனில் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் உண்டு. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். மழையிலோ காற்றிலோ நியூட்ரல் கம்பி அறுந்தாலும் அதன் இணைப்பு துருப்பிடித்துக் கழன்றாலும், வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் இரண்டு பேஸ்களுக்கு நடுவே வரிசையாகக் கோக்கப்பட்டவை ஆகிவிடுகின்றன. அப்போது குறைவாக மின்சாரம் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வீட்டின்மேல் அதிக வோல்ட் ஏறும். ஒரு வீட்டில் மின்விசிறி அளவுக்கு மீறிய வேகத்தில் சுழல, பக்கத்து வீட்டில் அது நகரவே தயங்குவது இதன் அடையாளம். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச அளவே 325 வோல்ட். அடாப்டருக்குள் அதை ஏற்கும் பெரிய மின்தேக்கி பொதுவாக 450 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்படுவது. உள்ளே வருவது 400 வோல்ட்டை நெருங்கினால் உச்சம் 560 வோல்ட்டைத் தாண்டிவிடும். அவ்வாறு அடிபட்ட அடாப்டரைப் பழுதுநீக்குபவர் பிளந்து பார்க்கும்போது, மின்தேக்கியின் தலைப்பக்க அலுமினியம் உப்பி, அதில் சிலுவைபோல் வெட்டியிருக்கும் கோடுகள் வாய் பிளந்திருக்கும்; ஃபியூஸின் கண்ணாடி கருத்திருக்கும்; நுழைவாயிலில் காவலுக்கு நிற்கும் நீலநிற வட்ட வடிவ வேரிஸ்டர் இரண்டாகச் சிதறியிருக்கும். வேரிஸ்டர் என்பது அளவுக்கு மீறிய வோல்ட் வந்தால் அதைத் தன் வழியாகக் கடத்திவிடும் உறுப்பு. மின்னல் போன்றவற்றால் நொடிப்பொழுது எழும் மிகையழுத்தத்தை அது தாங்கும். நிமிடக்கணக்கில் நிற்கும் மிகையழுத்தத்தை அதனால் தாங்க முடியாது. கடைகளில் கிடைக்கும் ‘ஸ்பைக் கார்டு’ பெட்டிகளும் இதே வேரிஸ்டரை நம்பியிருப்பவையே ஆகையால், நியூட்ரல் பழுதிலிருந்து அவை காப்பாற்றும் என்று எண்ணக்கூடாது. மிகையழுத்தத்தில் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே கொண்ட ஸ்டெபிலைசரோ, மீட்டருக்கு அடுத்து ஒயர்மேன் பொருத்தித் தரும் வோல்டேஜ் கட்-ஆஃப் கருவியோ வேண்டும். (அடாப்டரைப் பயனர் தாமே திறந்து பார்ப்பது உயிருக்கு ஆபத்தானது, பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அந்த மின்தேக்கியில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.)

எர்த் இணைப்பு திருவண்ணாமலை வட்டாரத்தில் தனிக் கவனம் பெற வேண்டிய ஒன்று. உலோக உடல் கொண்ட மடிக்கணினியைத் தொடும்போது விரலில் ஊர்வதுபோன்ற ‘ஜிவ்’ என்ற உணர்வு எழுவதற்கு, அடாப்டருக்குள் மின்னிரைச்சலை அடக்க வைக்கப்பட்டிருக்கும் சிறு மின்தேக்கிகளின் வழியாக மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் மடிக்கணினியின் உடலுக்கு வருவதே காரணம். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையேல் தொடுகிறவரின் உடல் வழியாகப் போகும். பெரும்பாலும் அதன் அளவு தீங்கற்றது என்றாலும், டச்பேடு தானாகத் தாவுவதும் அம்புக்குறி நடுங்குவதும் இதனால் நேரும். மென்பொருள் கோளாறு என்று நினைத்து விண்டோஸையே அழித்து மீண்டும் பதிந்த பிறகும் அது நீங்குவதில்லை. மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் கன்வெர்ட்டரைப் பயன்படுத்தினால் எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. சாக்கெட்டில் மூன்றாவது துளை இருந்தும் அதன் பின்னே ஒயர் இல்லாத பழைய வீடுகளும் உண்டு. ஒயர் இருந்தும் பயனில்லாத நிலை திருவண்ணாமலை போன்ற கடும்பாறைப் பகுதிகளில் நேரக்கூடியது: செம்மண் மேலாகப் படர்ந்து, சில அடி ஆழத்திலேயே பாறை தட்டும் நிலத்தில், எர்த் குழாய் போதிய ஆழம் இறங்காமல், கோடையில் மண் காய்ந்தவுடன் அதன் மின்தடை உயர்ந்துவிடுகிறது. கரியும் உப்பும் இட்டுக் குழியை நிரப்புவதும், கோடையில் அதற்கு நீர் ஊற்றுவதும் இதற்காகத்தான். வீடு கட்டும்போது இரண்டு குழிகளைத் தள்ளித் தள்ளி இறக்கி இணைத்துக்கொள்வது பாறை நிலத்தில் செலவுக்கு ஏற்ற பலன் தரும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில் மடிக்கணினி இன்வெர்ட்டரை நம்பியே ஓடுகிறது. சதுர அலை இன்வெர்ட்டர்கள் இந்த அடாப்டர்களுக்கு ஒவ்வாதவை. வீட்டு மின்சாரம் சீராக ஏறி இறங்கும் அலை என்ற எதிர்பார்ப்பில் அடாப்டரின் முதற்பகுதி வடிவமைக்கப்பட்டிருப்பதால், சதுர அலையில் அது இரைந்து சூடேறும். சைன் அலை இன்வெர்ட்டரே தகுந்தது. இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் ‘யுபிஎஸ்’, ‘நார்மல்’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யுபிஎஸ் நிலையில் அது ஏறத்தாழ 180 முதல் 260 வோல்ட் வரையிலான மின்சாரத்தை மட்டும் உள்ளே விட்டு, அதைத் தாண்டினால் உடனே பேட்டரிக்கு மாறிவிடும்; நார்மல் நிலையில் இன்னும் தாழ்ந்த வோல்ட்டையும் உயர்ந்த வோல்ட்டையும் அப்படியே வீட்டுக்குள் அனுப்பும். கேமிங் மடிக்கணினி உள்ள வீட்டில் ஸ்விட்ச் யுபிஎஸ் பக்கம் இருப்பதே நல்லது.

சாக்கெட்டுக்கு அடுத்தது அடாப்டர். அதன்மேலுள்ள சிறு விளக்கு, கவனித்துப் பார்ப்பவருக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும். மடிக்கணினியோடு இணைக்காமல் சாக்கெட்டில் மட்டும் செருகிய நிலையிலேயே விளக்கு எரியவில்லை என்றால், பழுது சாக்கெட்டிலோ பவர் கார்டிலோ அடாப்டரிலோ இருக்கிறது. மடிக்கணினியைத் தொடவே தேவையில்லை. பெரிய அடாப்டர்கள் பலவற்றில் மேசைக்கணினிக்குப் பயன்படும் அதே வகைப் பவர் கார்டுதான் செருகப்படுகிறது என்பதால், வேறொரு கார்டைப் போட்டுப் பார்ப்பது எளிது. தனியே இருக்கும்போது எரிகிற விளக்கு, முனையை மடிக்கணினியில் செருகிய நொடியே அணைந்துபோனால், அல்லது விட்டுவிட்டு மினுக்கினால், மதர்போர்டில் ஷார்ட் இருப்பதைக் கண்டுகொண்டு அடாப்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். இரண்டு நிலையிலும் விளக்கு எரிந்து, கேம் ஓடும்போது மட்டும் அணைந்து, பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் ஆறவிட்டபின் மீண்டும் எரிந்தால், அடாப்டர் சுமை தாங்காமல் தளர்ந்துவிட்டது.

இந்த மூன்றாவது நிலையில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. கடையில் மல்டிமீட்டரை முனையில் வைத்துப் பார்த்து, ‘19.6 வோல்ட் காட்டுகிறது, சார்ஜர் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுகின்றனர். சுமையில்லாத நிலையில் மூப்படைந்த அடாப்டரும் சரியான வோல்ட்டையே காட்டும். 10 ஆம்பியர் கேட்கும்போதுதான் அதன் வோல்ட் சரியும். அடாப்டருக்குள் இருக்கும் மின்பகுபொருள் மின்தேக்கிகளின் ஆயுள், சூழ்வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் கூடும்தோறும் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது மின்னணுவியலில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் விதி. அக்னி நட்சத்திர நாள்களில் அறையின் வெப்பமே 40 டிகிரியைத் தொடும் ஊரில், மெத்தையின்மேலோ தலையணைக்கு அடியிலோ கிடக்கும் அடாப்டர் தன் ஆயுளைப் பல மடங்கு வேகமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. அதைக் காற்றோட்டமாகத் தரையிலோ மேசையிலோ வைப்பது ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத பராமரிப்பு. சுமைச் சோதனைக்கு வீட்டிலேயே வழி உண்டு: அதே மாதிரிக்குரிய, அதே வாட் அளவுள்ள வேறொருவரின் அசல் அடாப்டரை இரவல் வாங்கி, அதே கேமை அதே அமைப்பில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் போதும்.

அடாப்டரின் முனையும் அது செருகும் ஜாக்கும் தனியே பார்க்கத்தக்கவை. முனைக்குள்ளிருக்கும் தகடு தளர்ந்தோ அழுக்கடைந்தோ இணைப்பில் 0.1 ஓம் மின்தடை ஏற்பட்டுவிட்டதாகக் கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் அவ்விடத்தில் எழும் வெப்பம் கிடைக்கும். 65 வாட் அடாப்டரில் ஓடும் 3.3 ஆம்பியருக்கு அது ஒரு வாட்டைச் சற்றே தாண்டும், கவலையில்லை. கேமிங் அடாப்டரின் 12 ஆம்பியருக்கு அது 14.4 வாட். சுண்டுவிரல் நுனியளவு இடத்தில் பதினான்கு வாட் வெப்பம் தங்கினால் பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகி, பிறகு கருகி, உள்முள் நிறம் மாறி, சாலிடர் இளகி, ஜாக் ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்கியபின் மின்தடை இன்னும் கூடும். கேம் விளையாடி முடித்தவுடன் முனையை உருவித் தொட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். இளஞ்சூடு இயல்பு, விரலை வைக்க முடியாத சூடு பழுதின் தொடக்கம். ஜாக்கை மாற்றுவது சிறு வேலை. அதைத் தள்ளிப்போட்டால் அந்த வெப்பம் மதர்போர்டின் தாமிரத் தடத்தை உரித்தெடுக்கும். முனையை ஒட்டிக் கேபிள் வளையும் கழுத்துப் பகுதியும் உள்ளே இழை இழையாக அறுந்துபோவதால் இதே விளைவைத் தரும்.

சில முனைகளின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருப்பதைக் காணலாம். அது மின்சாரத்துக்கானதன்று, செய்திக்கானது. டெல் நிறுவனத்தின் வட்ட முனை அடாப்டர்களில் ஒரு சிறு சில்லு, தன் வாட் அளவை அந்த ஊசி வழியாக மடிக்கணினிக்குச் சொல்கிறது. லெனோவோவின் செவ்வக முனையில் ஒரு மின்தடையின் அளவே அச்செய்தியைத் தருகிறது. ஊசி வளைந்தாலோ அதன் நூலிழை போன்ற ஒயர் அறுந்தாலோ, வோல்ட் முழுதாக வந்துகொண்டிருந்தும் மடிக்கணினி தனக்கு எந்த அடாப்டர் செருகப்பட்டிருக்கிறது என்று அறியாமல், பாதுகாப்புக்காகப் பேட்டரி சார்ஜை நிறுத்தி, செயலியின் வேகத்தையும் அடக்கிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் செயலியின் வேகம் 0.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அளவிலேயே நின்று, கருவி எருமைமாட்டு வேகத்தில் நகர்ந்தால் முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான், வைரஸை அன்று. பெயரில்லாத மாற்று அடாப்டர்கள் பலவற்றில் இச்செய்தி இல்லாமலோ பொய்யாகவோ இருக்கும். 230 என்று அச்சிட்டிருந்தும் உள்ளே அதற்குரிய உறுப்புகள் இராது. எடையில் அசலைவிடக் கணிசமாகக் குறைந்திருப்பது வெளிப்படையான குறி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்தின்கீழ் வரும் அடாப்டர்களில் ‘ஆர்’ என்ற எழுத்தையடுத்து எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். அவ்வெண்ணை அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டு, எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்று சரிபார்க்கலாம். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கிவரச் சொன்னாலும் இணையத்தில் வாங்கினாலும் இந்த ஒரு சோதனையைத் தவிர்க்கக்கூடாது.

டைப்-சி முனை வழியாகச் சார்ஜ் செய்ய இடமளிக்கும் கேமிங் மடிக்கணினிகளும் உண்டு. டைப்-சி மின்வழங்கல் நெறி நெடுங்காலம் 100 வாட்டையே எல்லையாகக் கொண்டிருந்தது. 2021இல் அது 240 வாட் வரை விரிவாக்கப்பட்டது. ஆயினும் வீடுகளில் உள்ள டைப்-சி சார்ஜர்களில் பெரும்பாலானவை 100 வாட்டுக்கு உட்பட்டவை. அவற்றை மாட்டி எழுத்துவேலை பார்க்கலாம்; கேம் ஓட்டினால் பேட்டரி இறங்கும். அது பழுதன்று.

பேட்டரியைப் பற்றிய தவறான எண்ணங்கள் மிகுதி. விமானத்தில் முன்னனுமதியின்றிக் கொண்டுசெல்லக்கூடிய பேட்டரியின் அளவு 100 வாட்-மணி என்பதால், நிறுவனங்கள் பொதுவாக மடிக்கணினியில் அதைத் தாண்டுவதில்லை. 90 வாட்-மணி என்பது கேமிங் வகையில் பெரிய பேட்டரி. 200 வாட் இழுத்தால் அது அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே, அவ்வளவு வேகமாக ஆற்றலைக் கக்குவது லித்தியம் செல்களுக்கு ஆகாது என்பதால், கட்டுப்பாட்டு நிரல் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும். ஆகவே பேட்டரியில் கேம் மந்தமாக ஓடுவது இயல்பு. அடாப்டர் செருகியிருந்தும் கேமின்போது நூறிலிருந்து தொண்ணூறுக்கு இறங்குவதும் பல மாதிரிகளில் திட்டமிட்ட ஏற்பாடே: அடாப்டரால் எட்டாத உச்சக் கணங்களில் பேட்டரி கைகொடுக்கிறது. ஆனால் இரண்டு மணி நேர விளையாட்டில் அது முப்பது விழுக்காட்டுக்குக் கீழே போனால் அடாப்டர் தன் முழு வாட்டைத் தரவில்லை. சார்ஜ் 60 அல்லது 80 விழுக்காட்டிலேயே நின்றுவிடுகிறது என்ற புகாரோடு கடைக்கு வருபவர்களில் பலருக்கு ஒரு பழுதும் இராது. பேட்டரியின் ஆயுளைக் காக்க லெனோவோ, ஆசுஸ் முதலான நிறுவனங்கள் தம் மென்பொருளில் வைத்திருக்கும் எல்லை அமைப்பு இயக்கப்பட்டிருக்கும். எப்போதும் பிளக்கிலேயே கிடக்கும் கருவிக்கு அந்த அமைப்பு மிகவும் வேண்டியது. நூறு விழுக்காட்டு நிறைவும் உயர்ந்த வெப்பமும் சேர்ந்தே லித்தியம் செல்லைக் கிழமாக்குகின்றன.

பேட்டரியின் உண்மை நிலையை அறிய விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ‘பவர்-சிஎஃப்ஜி’ கட்டளையைப் ‘பேட்டரி-ரிப்போர்ட்’ என்ற தெரிவோடு இயக்கினால், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கொள்ளளவும் இன்று முழுதாக நிரம்பும் அளவும் அடுத்தடுத்துக் காட்டப்படும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. அதைவிட எளிய சோதனை, மடிக்கணினி ஓடிக்கொண்டிருக்கையில் சுவர் ஸ்விட்சை அணைப்பது. நல்ல பேட்டரி இருந்தால் திரை சற்று மங்குவதோடு சரி. அந்த நொடியே கருவி அணைந்தால் பேட்டரி இருந்தும் இல்லாததற்குச் சமம். தெருவில் கரண்ட் ஒரு கணம் கண்சிமிட்டும்போதெல்லாம் அணைகிற மடிக்கணினியின் நோய் இதுவே. கீழ்மூடி உப்பியிருந்தாலோ, டச்பேடு மேலெழுந்து அழுத்த முடியாமல் போனாலோ, செல்களுக்குள் வாயு சேர்ந்து பேட்டரி வீங்கிவிட்டது. அதைச் சார்ஜ் செய்யவோ குத்தவோ அமுக்கவோ கூடாது. கருவியை அணைத்து, அன்றே கழற்றச் செய்ய வேண்டும்.

அணைவது மின்குறையாலா, வெப்பத்தாலா என்று பிரித்தறிவதும் இன்றியமையாதது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் காணப்படும் ‘கெர்னல்-பவர் 41’ என்ற வரியைப் பார்த்தவுடன் பவர் சப்ளை பழுது என்று முடிவுகட்டுவது பெருந்தவறு. முந்தைய முறை கருவி ஒழுங்காக மூடப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. சுமையின்போது அடாப்டர் செயலிழந்தால், பேட்டரி நல்ல நிலையில் உள்ள கருவி அணையாமல் பேட்டரிக்கு மாறும். மாறியதை ஒலியோ திரை மங்கலோ காட்டிவிடும். அடாப்டரும் பேட்டரியும் சரியாக இருந்து, விசிறிகள் பேரிரைச்சலோடு சுழன்று முடித்தபின் கருவி அணைந்தால், விசிறியின் தூசும் செயலிக்கும் வெப்பக்கடத்திக்கும் இடையே உலர்ந்துபோன பசையும் முதற்குற்றவாளிகள்.

ஒன்றும் எரியாமல் செத்துக்கிடப்பதுபோல் தோன்றும் கருவிக்கு, கடைக்குப் போகுமுன் செய்து பார்க்க வேண்டிய சிகிச்சை ஒன்று உண்டு. மதர்போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சில்லு, கருவி அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து, பவர் பொத்தானையும் சார்ஜையும் மேற்பார்வையிடுகிறது. இடியோ திடீர் மின்வெட்டோ ஏற்படுத்தும் அதிர்ச்சியில் அது சிக்கிக்கொண்டால், உறுப்பு ஒன்றும் கெடாமலேயே கருவி பேசாமல் கிடக்கும். அடாப்டரையும் செருகியுள்ள பென்டிரைவ், மவுஸ் அனைத்தையும் உருவிவிட்டு, பவர் பொத்தானை முப்பது முதல் அறுபது நொடி வரை அழுத்திப் பிடித்திருந்து, பிறகு அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேரே சுவரில் செருகி இயக்கினால், இப்படிப்பட்ட கருவிகளுள் சில உயிர்பெற்றுவிடுகின்றன. சில மாதிரிகளில் அடிப்பக்கத்தில் ஊசித்துளை ஒன்று இதற்கென்றே இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சுவதுதான் மதர்போர்டு. அங்கும் முழுப் பலகையும் ஒரேயடியாகக் கெடுவது அரிது. ஜாக்கிலிருந்து உள்ளே வரும் மின்சாரம் இரண்டு காவல் டிரான்சிஸ்டர்களைத் தாண்டி, ஓட்டத்தை அளக்கும் மிகச் சிறிய மின்தடை ஒன்றைக் கடந்து, சார்ஜிங் ஐசி என்ற சில்லின் கண்காணிப்பில் பேட்டரிக்கும் மற்றப் பகுதிகளுக்கும் பிரிகிறது. இவ்வழியில் வரிசையாக நிற்கும் பீங்கான் மின்தேக்கிகளில் ஒன்று ஷார்ட் ஆனாலே கருவி முழுதும் அடங்கிவிடும். சிப் லெவல் சர்வீஸ் என்று பலகை வைத்திருக்கும் கடையில் தேர்ந்த கைகள் இதைக் கண்டுபிடிக்கும் விதம் பார்க்கத்தக்கது. பலகையின்மேல் குங்கிலியப் புகையைப் படியவைத்து மெல்லிய வெண்படலமாக்குகின்றனர். பிறகு மேசைமேலுள்ள டிசி பவர் சப்ளையிலிருந்து ஓரிரண்டு வோல்ட் மட்டும் செலுத்துகின்றனர். ஷார்ட் ஆன உறுப்பு மட்டும் சூடேறி, அதன்மேலுள்ள வெண்மை உருகிக் கண்ணாடிபோல் தெளிகிறது. கடுகளவேயான அந்த மின்தேக்கியின் விலை சில ரூபாய். அதைக் கண்டுபிடித்த அறிவுக்கும் உழைப்புக்கும் தருவதே மீதிக் கூலி, அது தகும் கூலியே. புதுப் பலகைக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டால் அது சிறிது.

எனவே ‘போர்டு மாற்ற வேண்டும்’ என்று கேட்டவுடன் தலையாட்டாமல், எந்தப் பகுதியில் எத்தனை வோல்ட் வரவில்லை, ஷார்ட் எங்கே, பவர் பொத்தானை அழுத்தும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கேட்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு; அளந்து பார்த்தவரிடம் அதற்கு விடை இருக்கும். உத்தரவாதக் காலத்திலுள்ள கருவியை வெளிக்கடையில் திறக்கவிடாமல் நிறுவனத்தின் சேவை மையத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும். பெரும்பாலும் அடாப்டருக்கும் அதே உத்தரவாதம் பொருந்தும். எந்தக் கடையாயினும் மடிக்கணினியோடு அதன் அடாப்டரையும் பவர் கார்டையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். அங்குள்ள வேறு சார்ஜரில் ஓடுகிறது என்று திருப்பித் தரப்பட்ட கருவி வீட்டில் மறுநாளே அணைவதற்கு, வீட்டிலேயே விட்டுவரப்பட்ட அந்த அடாப்டரைவிட வேறு காரணம் தேட வேண்டியிருப்பது அரிது.